செஸ் இன்ஜினுக்கு எந்தக் கம்ப்யூட்டர் போதும்?

போன மே மாதம் முக்கூடலிலிருந்து ஒரு அண்ணாச்சி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் சனி, ஞாயிறு காலைகளில் நான் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பிள்ளை ஆறு மாதமாக வருகிறாள், ஏழாம் வகுப்பு. அண்ணாச்சி கையில் ஒரு கடையின் கொட்டேஷன் இருந்தது. கேமிங் லேப்டாப், 84,000 ரூபாய்.

"செஸ் இன்ஜின் ஓட்டணும்னா கிராபிக்ஸ் கார்டு இல்லாம முடியாதுன்னு சொல்லுதாங்க சார். நகையை வச்சாவது வாங்கிரலாம்னு நெனைக்கேன். நீங்க என்ன சொல்லுதீங்க?"

வாங்காதீங்க என்றேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மூத்த பையன் கல்லூரிக்கு எடுத்துப்போன பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் கிடக்கிறது என்றார். அடுத்த வாரம் அதைக் கொண்டுவரச் சொன்னேன். அந்த லேப்டாப்பை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. இதே கேள்வியோடு என்னிடம் வரும் பெற்றோர் பலர். ஒவ்வொருவரும் தேவையைவிட இரண்டு மூன்று மடங்கு செலவழிக்கத் தயாராக வருகிறார்கள், அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

முதலில் இன்ஜின் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு செஸ் நிலையைக் கொடுத்தால் அதில் எந்த நகர்வு நல்லது, யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள்தான் இன்ஜின். அதற்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் பலகையை வேறொரு மென்பொருள் காட்டும்; இரண்டும் பேசிக்கொள்ள யு.சி.ஐ. என்ற பொது மொழி 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இன்று இருப்பவற்றில் மிக வலுவான இன்ஜின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் இலவசம். பலகை காட்டும் அரீனா, லூகாஸ் செஸ் போன்றவையும் இலவசம். ஆண்ட்ராய்டு போனுக்கு டிராய்ட்ஃபிஷ் இருக்கிறது, அதற்கும் காசு இல்லை. ஆக மென்பொருளுக்குச் செலவே இல்லை. கேள்வி எல்லாம் இயந்திரத்தைப் பற்றித்தான்.

எவ்வளவு வலுவான இயந்திரம் வேண்டும்? 1997இல் கேரி காஸ்பரோவைத் தோற்கடித்த ஐ.பி.எம். டீப் ப்ளூ, செஸ்ஸுக்கென்றே செய்த 480 சிப்களோடு நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. 2009இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த ஒரு போட்டியில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற இன்ஜின் ஒரு சாதாரண கைப்பேசியில் ஓடியது. நொடிக்கு 20,000 நிலைகள்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் 10 ஆட்டங்களில் 9 வெற்றி, 1 டிரா. பன்னிரண்டு வருடங்களில் மாறியது நிரலின் புத்திசாலித்தனம். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் ஸ்டாக்ஃபிஷ் ஓடினால் உலகச் சாம்பியனும் அதை வெல்ல முடியாது. பிள்ளையின் ஆட்டத்தில் எங்கே பிழை என்று காட்ட அந்தப் போனே போதும்.

அப்படியென்றால் வேகமான இயந்திரம் எதற்கு? காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க. மெதுவான இயந்திரம் ஒரு நிமிடத்தில் சொல்வதை வேகமான இயந்திரம் பத்து நொடியில் சொல்லும். ஒரு ஆட்டத்தை உட்கார்ந்து அலசும்போது அந்த வித்தியாசம் தெரியும். விடை பெரும்பாலும் ஒன்றேதான்.

இன்ஜின் எப்படி யோசிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பது தானாகப் புரியும். நடு ஆட்டத்தில் ஒரு நிலையில் சுமார் 30 நகர்வுகள் சாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்று, நீங்கள் ஒன்று நகர்த்தினால் 900 வழிகள். இரண்டு பேரும் இரண்டிரண்டு நகர்த்தினால் 8,10,000. மும்மூன்று நகர்த்தினால் 72 கோடியே 90 லட்சம். எல்லாவற்றையும் பார்த்து முடியாது. அதனால் இன்ஜின் வெட்டித் தள்ளும். இந்தச் சிப்பாயைத் தள்ளினால் எதிராளி உடனே என் ராணியை எடுத்துவிடுவான் என்று கண்டுபிடித்துவிட்டால், அவனுடைய மற்ற 29 பதில்களை ஏன் பார்க்க வேண்டும்? அந்தக் கிளையை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இந்த வெட்டுதலால்தான் சாதாரண இயந்திரமும் 20, 25 நகர்வு ஆழம் போகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய இன்னும் ஒரே ஒரு நகர்வு ஆழம் கூடும், அவ்வளவுதான். விலையை இரண்டு மடங்காக்கும் முன்னால் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒரே நிலைக்குப் பல வழியில் வந்து சேரலாம். பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கு வண்ணார்பேட்டை, சுலோச்சன முதலியார் பாலம், ஜங்ஷன் என்றும் போகலாம். மேலப்பாளையம், கருப்பந்துறை என்று சுற்றியும் போகலாம். போய் நிற்பது நெல்லையப்பர் கோயில் முன்னால்தான். செஸ்ஸிலும் ராணிச் சிப்பாயை முதலில் தள்ளிப் பிறகு குதிரையை எடுத்தாலும், குதிரையை முதலில் எடுத்துப் பிறகு சிப்பாயைத் தள்ளினாலும் பலகை ஒன்றாகவே நிற்கும். ஏற்கெனவே கணக்குப் போட்ட நிலை மறுபடி வந்தால் இன்ஜின் புதிதாகக் கணக்குப் போடாது, எழுதி வைத்ததைப் புரட்டிப் பார்க்கும். அந்த நோட்டுக்குத்தான் ஹேஷ் என்று பெயர். அது இருக்கும் இடம் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராம். ஸ்டாக்ஃபிஷ்ஷில் 1 ஜிபி ஹேஷில் சுமார் 10 கோடி நிலைகளைக் குறித்துவைக்கலாம்.

இப்போது அண்ணாச்சியின் லேப்டாப்புக்கு வருவோம். திறந்து பார்த்தேன்: ஐ5-8250யு பிராசசர், 8 ஜிபி ராம். நல்ல இயந்திரம். பிள்ளை அதில் ஸ்டாக்ஃபிஷ் போட்டுத்தான் வைத்திருந்தாள். "ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்" என்றாள். செட்டிங்ஸைத் திறந்தேன். திரெட்ஸ் 1. ஹேஷ் 16 எம்பி.

இவை ஸ்டாக்ஃபிஷ்ஷை இறக்கியவுடன் இருக்கும் எண்கள். யாரும் மாற்றவில்லை. பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிக்குக் கோர் என்றும், ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு வேலை வரிசைக்கும் திரெட் என்றும் பெயர். நான்கு கோர்களும் எட்டு திரெட்களும் உள்ள பிராசசரில் ஒரே ஒரு திரெட் வேலை பார்க்க, மற்றவை சும்மா இருந்தன. நோட்டிலும் நாலு பக்கம்தான். திரெட்ஸை 6 ஆக்கினேன். இரண்டை விண்டோஸுக்கும் பலகைக்கும் விட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் மவுஸ்கூடத் திணறும். ஹேஷை 2048 ஆக்கினேன். ஒரே நேரத்தில் எத்தனை வழிகளைக் காட்ட வேண்டும் என்ற மல்டிபிவி 5இல் இருந்தது, அதை 1 ஆக்கினேன். நொடிக்கு 5 லட்சம் நிலைகள் என்று இருந்த எண் 17 லட்சத்துக்கு ஏறியது. பிள்ளை கண்ணை விரித்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பைசா செலவில்லை.

ஹேஷ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இருக்கிற ராமில் பாதிக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள். 8 ஜிபி இருந்தால் 2 ஜிபி தாராளம். அளவுக்கு மீறினால் ராம் போதாமல் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும், அப்போது எல்லாமே நின்றுபோகும்.

ஆறு திரெட் போட்டும் ஏன் ஆறு மடங்கு ஆகவில்லை என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. வீட்டில் தொலைந்த கம்மலை ஆறு பேர் தேடுவதைப் போலத்தான் இது. தேடுகிறவர்கள் "இங்க பார்த்தாச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், ஆனாலும் ஒருவர் பார்த்த மூலையையே இன்னொருவரும் பார்ப்பது நடக்கும். திரெட்கள் எல்லாம் ஒரே நோட்டைப் பகிர்ந்துகொண்டு தேடுகின்றன, கொஞ்சம் வேலை இரட்டிக்கத்தான் செய்யும். அதனால் விடை ஆறு மடங்கு சீக்கிரம் வராது. திரையில் ஓடும் எண்ணே ஆறு மடங்கு ஆகாததற்குக் காரணம், இந்த லேப்டாப்பில் உண்மையான கோர் நான்குதான். ஒவ்வொரு கோரும் இரண்டு திரெட்டாகக் காட்டிக்கொள்கிறது. ஆறு கோர்கள் வேகமாக உள்ள பிராசசருக்கும், மெதுவான பன்னிரண்டு கோர்களுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஆறையே எடுப்பேன்.

கிராபிக்ஸ் கார்டு கதை எங்கிருந்து வந்தது? அதுவும் முழுப்பொய் இல்லை. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஜீரோ என்ற இன்ஜினை வெளியே காட்டியது. நொடிக்கு 80,000 நிலைகள்தான் பார்த்தது, எதிரில் இருந்த ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி பார்த்தது. ஆனாலும் ஆல்ஃபாஜீரோவே வென்றது. ஒவ்வொரு நிலையையும் ஆட்டங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணக்குமுறையான பெரிய நியூரல் நெட்வொர்க் ஒன்றால் அளந்து பார்த்ததுதான் காரணம். அதே வழியில் 2018இல் லீலா செஸ் ஜீரோ என்ற இலவச இன்ஜின் வந்தது. லீலாவுக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவை, அது இல்லாமல் நொண்டும். ஆனால் ஸ்டாக்ஃபிஷ் வேறு வழியில் போனது. யூ நாசு என்ற ஜப்பானியர் ஷோகி என்ற ஜப்பானியச் செஸ் ஆட்டத்துக்காக 2018இல் கண்டுபிடித்த என்.என்.யு.இ. என்ற சின்ன நெட்வொர்க்கை 2020இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 எடுத்துக்கொண்டது. ஒரு காய் நகர்ந்தால் பலகையில் மாறுவது ஓரிரு கட்டங்கள்தான். மளிகைக்கடை அண்ணாச்சி பற்று நோட்டில் பழைய பாக்கியோடு இன்று வாங்கியதை மட்டும் கூட்டுகிறாரே, அதைப் போல மாறியதை மட்டும் இது கணக்கில் சேர்க்கும். இந்தக் கணக்கைப் பிராசசரே போடும். கிராபிக்ஸ் கார்டை ஸ்டாக்ஃபிஷ் தொடுவதே இல்லை. 84,000 ரூபாய் லேப்டாப்பில் அந்தக் கார்டுக்குக் கொடுக்கும் காசு முழுக்க வீண்.

இந்தக் கூட்டல் கணக்கை வேகமாகப் போடப் பிராசசருக்குள் ஏ.வி.எக்ஸ்.2 என்ற வசதி வேண்டும். ஒரே மூச்சில் 16 எண்களைக் கூட்டிவிடும். இன்டெல்லில் 2013இல் வந்த நான்காம் தலைமுறை ஐ3, ஐ5, ஐ7களிலிருந்து இது உண்டு. அந்தக் காலத்துப் பென்டியம், செலரான்களில் இல்லை. ஏ.எம்.டி.யில் ரைசன் என்று பெயர் இருந்தால் கவலையில்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷை இறக்கும்போது பிராசசருக்கு ஏற்றபடி பல வடிவங்கள் இருக்கும். ஏ.வி.எக்ஸ்.2 வடிவத்தைப் பழைய பிராசசரில் ஓட்டினால் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், பழைய பிராசசருக்கான வடிவத்தை இறக்கிப் போட்டால் ஓடும். வேகம் மட்டும் குறைவாக இருக்கும்.

வெயில் கதை இதைவிட முக்கியம். நம் ஊருக்குச் செஸ் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் யோசிக்காத விஷயம் இதுதான். சினிமா பார்க்கும்போதும் டைப் அடிக்கும்போதும் பிராசசர் பெரும்பாலும் ஓய்வில் இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஒரு நொடி ஓய்வு கிடையாது, எல்லாக் கோரும் முழு மூச்சில் ஓடும். அண்ணாச்சி லேப்டாப்பில் 17 லட்சம் என்று ஏறிய எண் பத்து நிமிடத்தில் 11 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அடியில் கை வைத்தால் சுட்டது. சூடு எல்லை தாண்டினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அன்று வெளியே கத்திரி வெயில், அறைக்குள் மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

சர்வீஸ் தெரிந்த ஒரு தம்பி வந்து பின்மூடியைக் கழற்றினான். ஃபேனுக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி தூசி அடைத்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தான், அச்சு மாறாமல் முழுசாக வந்தது. சூட்டைக் கடத்துவதற்காகப் பிராசசர் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினான். 600 ரூபாய். மறுபடி ஓட்டினோம். அரை மணி நேரம் கழித்தும் 15 லட்சத்தில் நின்றது. புதிய பிராசசர் வாங்கிக் கிடைக்கும் வேகத்தில் ஒரு பங்கு அந்தத் தூசிக்குள் இருந்தது.

எங்கே வசிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் புழுதி வீட்டுக்குள் வந்து அப்பும். அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். உவரி, கூடங்குளம் கடலோரத்தில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். கம்ப்யூட்டரை ஜன்னலோரம் வைக்கக் கூடாது. எங்கேயானாலும் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து இன்ஜின் ஓட்டாதீர்கள். காற்று போக வழியில்லாமல் ஐந்தே நிமிடத்தில் கொதிக்கும்.

வீட்டில் ஒன்றுமே இல்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் யோசனை டெஸ்க்டாப்தான். பெட்டி பெரியது, காற்று நன்றாகப் போகும், பழுதானால் பாகம் மாற்றலாம். அலுவலகங்களில் மூன்று நான்கு வருடம் ஓடிக் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி புரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர் பெட்டிகள் செகண்ட்ஹேண்டில் வருகின்றன. அவற்றில் ஐ5-8500 உள்ளதைத் தேடுங்கள்: முழுசாக ஆறு கோர். என் வீட்டில் ஓடுவது அதுதான், 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யோடு 13,500 ரூபாய்க்கு வாங்கினேன். மானிட்டருக்குப் பழைய டிவியை மாட்டியிருக்கிறேன். புதிதாக அசெம்பிள் செய்ய வசதி இருந்தால் ரைசன் 5 5600ஜி நல்லது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், திரைக்குத் தனி கார்டும் வேண்டாம்.

வாங்கும்போது "ஐ7" என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நானே ஒருமுறை ஏமாந்தேன். கடைக்காரர் ஐ7 என்றார், விலையும் குறைவு, எடுத்துவந்துவிட்டேன். வீட்டில் பார்த்தால் ஐ7-2600, 2011இல் வந்தது, ஏ.வி.எக்ஸ்.2 கிடையாது. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 8500 என்றால் எட்டு, 12100 என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, இரண்டாம் தலைமுறை ஐ7ஐ வெகு எளிதாக முந்தும். லேப்டாப்பில் இன்னும் கவனம் வேண்டும். ஐ5-7200யு என்பதில் இரண்டே கோர்தான், அடுத்த தலைமுறை ஐ5-8250யுவில் நான்கு. வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டுக்கும் ஐ5 என்றுதான் இருக்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். பழைய இயந்திரத்தில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டும் ஸ்டாக்ஃபிஷ் ஓட்டலாம், அருமையாக ஓடும்.

கரண்ட் பில்லைப் பற்றியும் கேட்கிறார்கள். 100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 10 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். தினமும் இரவு 8 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். நமக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் ஒரு பங்கு. ஆரம்பநிலைப் பிள்ளைக்கு இரவெல்லாம் ஓட்டத் தேவையே இல்லை. ஒரு நிலைக்கு 20 நொடி போதும். கரண்ட் போனால் ஹேஷில் எழுதியது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் டெஸ்க்டாப்புக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்துக்கொள்வது நல்லது.

காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டமான எண்ட்கேமுக்கு டேபிள்பேஸ் என்று ஒன்று உண்டு. சிசிஜி டேபிள்பேஸில் ராஜாக்களையும் சேர்த்து ஐந்து காய் வரை உள்ள எல்லா நிலைக்கும் முடிவு எழுதப்பட்டிருக்கிறது, அளவு சுமார் 1 ஜிபி. ஆறு காய்க்குப் போனால் சுமார் 150 ஜிபி. ஐந்து போதும். ஏழு காய் வரை லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம், அதற்காகப் பெரிய டிஸ்க் வாங்காதீர்கள்.

இன்ஜின் இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அண்ணாச்சி கடைசியாகக் கேட்டார். 2024இல் உலகச் சாம்பியனான குகேஷ், கிராண்ட்மாஸ்டர் தரத்தைத் தொடும் வரை இன்ஜின் இல்லாமல்தான் பயிற்சி எடுத்தார், அவருடைய அன்றைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவே அதைச் சொல்லியிருக்கிறார். அதனால் நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான்: ஆட்டம் முடிந்ததும் எங்கே தப்பு என்று முதலில் நீங்களே நோட்டில் எழுதுங்கள், பிறகு இன்ஜினைத் திறங்கள்.

செகண்ட்ஹேண்ட் கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் ஸ்டாக்ஃபிஷ்ஷும் அரீனாவும் எடுத்துப்போங்கள். நல்ல கடைக்காரர் ஓட்டிப் பார்க்க விடுவார்; விடாத கடையில் வாங்க வேண்டாம். திரெட்ஸையும் ஹேஷையும் சரியாக வையுங்கள், ஒரு நடு ஆட்ட நிலையைக் கொடுத்து நிற்காமல் அலசும்படி விடுங்கள். ஓரத்தில் நொடிக்கு எத்தனை நிலை என்று எண் ஓடும். முதல் நிமிடத்தில் வந்த எண்ணைக் கையில் குறித்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து கால்மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் பரவாயில்லை. மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் மூடியைக் கழற்றித் தூசி தட்டிப் பேஸ்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள், மறுபடி கால்மணி நேரம் ஓட்டுங்கள். எண் இறங்காமல் நின்ற பிறகு விலை பேசலாம்.